இருபது மணி நேரக் கணக்கு

2020 மார்ச்சில் கொரோனா பீதி ஆஸ்திரேலியாவைப் பிடித்து ஆட்டியது. டாய்லெட் பேப்பருக்காக ஜனங்கள் கடைக்குள் அடித்துக்கொண்ட நாட்கள் அவை. காலியான அலமாரிகளை நிரப்ப ஆள் போதவில்லை. உடனே அரசு, பெரிய சூப்பர் மார்க்கெட்டுகளில் வேலை செய்யும் வெளிநாட்டு மாணவர்களுக்கு இருந்த "இரண்டு வாரத்துக்கு 40 மணி நேரம்" என்ற வரம்பைத் தற்காலிகமாகத் தளர்த்தியது. அடுத்த மாதம், ஏப்ரல் 3ஆம் தேதி, பிரதமர் ஸ்காட் மாரிசன் வேறு குரலில் பேசினார். தங்கள் செலவைத் தாங்களே பார்த்துக்கொள்ள முடியாத மாணவர்கள் சொந்த ஊருக்குப் போய்விடலாம் என்பது அந்தப் பேச்சின் சாரம். 2022 ஜனவரியில் ஒமைக்ரான் பரவி ஹோட்டல்களும் பண்ணைகளும் ஆளில்லாமல் தவித்தபோது, அதே பிரதமர் மாணவர்களைத் திரும்பி வரச்சொல்லி அழைத்தார். எட்டு வாரத்துக்குள் வந்து சேர்ந்தால் விசாக் கட்டணம் வாபஸ் என்றும் அறிவித்தார். மணி நேர வரம்பு அடியோடு எடுக்கப்பட்டது. 2023 ஜூலை 1 அன்று அது திரும்பி வந்தது, இந்த முறை இரண்டு வாரத்துக்கு 48 மணி நேரமாக.

மாணவர் விசாவில் வேலை பற்றிய விதிகளை நாடு நாடாக அலசுகிறவர்கள் இந்த மூன்று ஆண்டுக் கதையை மனதில் வைத்துக்கொள்வது நல்லது. வரம்புக்கு அரசுகள் இரண்டு காரணம் சொல்கின்றன. படிக்க வந்தவர் படிக்க வேண்டும். மலிவான வெளியாட்களால் உள்ளூர்த் தொழிலாளியின் கூலி இறங்கிவிடக் கூடாது. இரண்டும் நியாயமான காரணங்களே. ஆனால் அந்த எண் ஏறுவதையும் இறங்குவதையும் தேதி போட்டுப் பார்த்தால், பரீட்சை அட்டவணையைவிட ஆள் பற்றாக்குறைதான் அதை அதிகம் நகர்த்தியிருக்கிறது. வரம்பு மீறப்பட்டால் நாட்டைவிட்டுப் போகவேண்டிய ஆபத்து மாணவருக்கு. வேலை வாங்கியவருக்கு வந்த தண்டனை நெடுங்காலம் மிகச் சொற்பம்.

வாரத்துக்கு 20 மணி நேரம் என்பதுதான் உலகம் பழகிப்போன எண். பிரிட்டனில் பட்டப்படிப்பு, முதுநிலைப் படிப்பு மாணவர்களுக்கு வகுப்புக் காலத்தில் 20. பட்டத்துக்குக் கீழான படிப்பு என்றால் 10தான். அயர்லாந்திலும் 20. அங்கே ஜூன் முதல் செப்டம்பர் வரையிலும் டிசம்பர் 15 முதல் ஜனவரி 15 வரையிலும் 40 மணி நேரம் வேலை செய்யலாம். கல்லூரிக்குக் கல்லூரி விடுமுறை மாறினாலும் இந்தத் தேதிகள் மாறாது. நியூசிலாந்து 2025 நவம்பரில் 20ஐ 25 ஆக்கியது. கனடாவில் இப்போது 24. நெதர்லாந்தில் வாரத்துக்கு 16, அல்லது கோடை மூன்று மாதம் முழுநேரம், இரண்டில் ஒன்று. அதுவும் முதலாளி தனியாக அனுமதி வாங்கித் தந்தால்தான். பிரான்ஸ் ஆண்டுக் கணக்கு வைத்திருக்கிறது: 964 மணி நேரம். ஸ்வீடனில் வரம்பே இல்லை.

ஜப்பான் 28 மணி நேரம் தருகிறது, நீண்ட விடுமுறையில் நாளுக்கு 8. ஆனால் அங்கே வேலை அனுமதியை விசாவோடு சேர்த்துத் தருவதில்லை. தனியாக விண்ணப்பித்து வாங்க வேண்டும். அதோடு ஒரு கண்டிப்பான தடையும் உண்டு. பச்சிங்கோ சூதாட்டக் கூடங்கள், பெண்கள் உடனமர்ந்து மது பரிமாறும் கேளிக்கை விடுதிகள் போன்ற இடங்களில் பாத்திரம் கழுவுகிற, தரை துடைக்கிற வேலைகூடக் கூடாது.

தமிழர்களுக்குப் பக்கத்து வீடு போலத் தெரியும் இரண்டு நாடுகள் இந்த விஷயத்தில் கறார். சிங்கப்பூரில் தேசியப் பல்கலைக்கழகம், நன்யாங் போன்று அரசு பட்டியலிட்ட நிறுவனங்களில் படிப்பவர்களுக்கு வாரத்துக்கு 16 மணி நேரம். தனியார் கல்வி நிலையங்களில் சேர்பவர்களுக்குப் பொதுவாக எதுவும் இல்லை. "சிங்கப்பூர் படிப்பு" என்று ஒரே பெயரில் இரண்டையும் விற்கும் ஏஜென்டுகள் இந்த வித்தியாசத்தைச் சொல்ல மறந்துவிடுவது வழக்கம். மலேசியாவில் செமஸ்டர் இடைவெளியிலோ ஏழு நாளுக்கு மேற்பட்ட விடுமுறையிலோ மட்டும் 20 மணி நேரம். இடமும் வரையறுக்கப்பட்டது: உணவகம், பெட்ரோல் பங்க், மினி மார்க்கெட், ஹோட்டல். கல்லாவில் உட்கார அனுமதி இல்லை. இதையெல்லாம் படித்துச் சலித்துக்கொள்ளும் இந்திய வாசகர் ஒன்றைக் கவனிக்கலாம்: மாணவர் விசாவில் இந்தியாவுக்கு வரும் வெளிநாட்டவருக்கு நாம் ஒரு மணி நேரம்கூட வேலை அனுமதி தருவதில்லை.

ஜெர்மனியின் ஏற்பாடு தனி ரகம். அங்கே நாட்களை எண்ணுகிறார்கள். ஆண்டுக்கு 120 முழு நாள் அல்லது 240 அரை நாள் என்று இருந்தது, 2024 மார்ச் 1 முதல் 140 அல்லது 280 ஆயிற்று. நான்கு மணி நேரம் வரை செய்தால் அரை நாள். பல்கலைக்கழகத்திலேயே பேராசிரியருக்கு உதவியாளராகச் செய்யும் வேலை இந்தக் கணக்கில் சேராது. 20 மணி நேரம் அங்கேயும் வேறு வாசல் வழியாக உள்ளே வருகிறது. வகுப்புக் காலத்தில் வாரம் 20ஐத் தாண்டினால் சமூகக் காப்பீட்டின் பார்வையில் அவர் மாணவர் அல்ல, தொழிலாளி. சம்பளத்தில் பிடித்தம் கூடிவிடும். விசா பறிபோகும் என்ற மிரட்டலைவிட இது நாகரிகமான வழி என்றே படுகிறது. கூடுதலாக உழைத்தால் கூடுதலாகக் கட்டு என்கிறது சட்டம்.

எண் தெரிந்தால் போதாது. எப்படி எண்ணுகிறார்கள் என்பதில்தான் பெரும்பாலோர் சறுக்குகிறார்கள்.

ஆஸ்திரேலியாவின் "இரண்டு வாரம்" என்பது திங்கட்கிழமை தொடங்கும் எந்த 14 நாளும். அதாவது ஒவ்வொரு வாரமும் முன் வாரத்தோடு ஒரு முறை, பின் வாரத்தோடு ஒரு முறை என இரண்டு தடவை கணக்கில் ஏறும். ஒருவர் முதல் வாரம் 18, இரண்டாம் வாரம் 30, மூன்றாம் வாரம் 22, நான்காம் வாரம் 20 மணி நேரம் வேலை செய்தார் என்று வைத்துக்கொள்வோம். ஒன்றும் இரண்டும் சேர்ந்து 48, சரி. மூன்றும் நான்கும் சேர்ந்து 42, அதுவும் சரி. சம்பளச் சீட்டு இரண்டு வாரத்துக்கு ஒரு முறை வருவதால் எல்லாம் ஒழுங்காக இருப்பது போலத்தான் தெரியும். ஆனால் இரண்டும் மூன்றும் சேர்ந்தால் 52. விதிமீறல் நடந்துவிட்டது, நிறையப் பேருக்கு நடந்ததே தெரியாது.

பிரிட்டனில் சராசரி பார்க்கும் பேச்சே கிடையாது. திங்கள் முதல் ஞாயிறு வரை ஒரு வாரம். இந்த வாரம் 26, அடுத்த வாரம் 14 என்றால் சராசரி 20தான், ஆனாலும் முதல் வாரம் குற்றம். இரண்டு இடங்களில் வேலை பார்த்தால் இரண்டையும் கூட்ட வேண்டும். கிடங்கு ஒன்றில் ஞாயிறு இரவு ஷிப்ட் போகிறவருக்கு நள்ளிரவுக்குப் பிந்தைய மணிகள் அடுத்த வாரத்தில் சேரும். இன்னொரு பொறி, ஓராண்டு முதுநிலைப் படிப்பின் கோடைக்காலம். வகுப்பு முடிந்து, பட்டப் படிப்பு மாணவர்கள் ஊருக்குப் போய், வளாகம் வெறிச்சோடிக் கிடக்கும். ஆனால் ஆய்வேடு எழுதும் அந்த மாதங்கள் முதுநிலை மாணவருக்கு விடுமுறை ஆகாது. நம்மவர்களில் பெரும்பாலோர் போவது இந்த ஓராண்டு எம்.எஸ்சி. படிப்புக்குத்தான். விடுமுறை என்று நினைத்து ஜூலையில் முழுநேரம் போனவர்களுக்கு அந்த மூன்று மாதமே வினையாகிவிடும்.

பிரிட்டன் விதியில் இன்னும் இரண்டு தடைகள் உண்டு. மாணவர் சுயதொழில் செய்யக் கூடாது. விளையாட்டு வீரராகவோ கலைஞராகவோ தொழில் செய்யக் கூடாது. முதல் தடையால் உணவு டெலிவரி செயலிகள் அடிபட்டுப் போகின்றன. அங்கே வண்டி ஓட்டுபவர் நிறுவனத்தின் ஊழியர் அல்ல, தனி ஒப்பந்தக்காரர். ஆகவே வாரத்துக்கு ஒரு மணி நேரம் ஓட்டினாலும் மீறல்தான். வீட்டில் ட்யூஷன் எடுத்துக் காசு வாங்குவதும் அப்படியே. இரண்டாம் தடை நம் ஊர்ப் பிள்ளைகளுக்குத் தோன்றவே தோன்றாது. லண்டனில் வார இறுதி தோறும் எங்காவது ஒரு பரதநாட்டிய அரங்கேற்றம் நடக்கிறது. நன்றாக மிருதங்கம் வாசிக்கத் தெரிந்த ஒரு பொறியியல் மாணவர் அதில் உட்கார்ந்து சன்மானம் வாங்கினால், குடியேற்றச் சட்டத்தின் கண்ணில் அது தடுக்கப்பட்ட தொழில்.

வீட்டிலிருந்தபடி ஊர்க் கம்பெனிக்கு லேப்டாப்பில் வேலை செய்தால்? பிரிட்டனில் இருந்துகொண்டு செய்யும் வேலை, முதலாளி சென்னையில் இருந்தாலும் கணக்கில் சேரும். கனடாவில் சேராது, நாட்டுக்கு வெளியே உள்ள முதலாளிக்கு இணைய வழியில் செய்யும் வேலை 24 மணி நேரத்துக்குள் வராது என்று அந்நாட்டு அரசே சொல்கிறது. ஒரே லேப்டாப், ஒரே வேலை, இரண்டு சட்டம்.

அமெரிக்காவின் கதை வேறு. எண்ணிக்கையைவிட இடத்தைப் பார்க்கும் சட்டம் அது. எஃப்-1 மாணவர் விசாக்காரர் வளாகத்துக்குள் வாரம் 20 மணி நேரம் வேலை செய்யலாம், விடுமுறையில் முழுநேரம். வளாகத்துக்கு வெளியே சாதாரணப் பகுதிநேர வேலைக்கு வழியே இல்லை. "வளாகத்துக்குள்" என்பதற்கும் சட்டம் நுணுக்கமாக விளக்கம் வைத்திருக்கிறது. கல்லூரிக்குள் தனியார் நிறுவனம் நடத்தும் புத்தகக் கடையும் சிற்றுண்டிச்சாலையும் மாணவர்களுக்குச் சேவை செய்பவை; அங்கே வேலை செய்யலாம். அதே வளாகத்தில் கட்டடம் கட்டும் ஒப்பந்தக்காரரிடம் வேலை செய்யக் கூடாது. ஒரு கல்வியாண்டு முடிந்தபின் பாடத்தோடு ஒட்டிய பயிற்சி வேலைக்கு சிபிடி. படிப்புக்குப் பின் 12 மாதம் பயிற்சி வேலை செய்ய ஓபிடி. அறிவியல், தொழில்நுட்பப் பாடங்களுக்கு மேலும் 24 மாதம். தமிழ்நாட்டிலிருந்து அமெரிக்கா போகும் மாணவர் குடும்பங்களில் இந்த மூன்றெழுத்துகள் ரேஷன் கார்டு போலப் புழங்கும் வார்த்தைகள்.

இந்தப் படிகளுக்கு வெளியே, இந்திய மளிகைக் கடையிலோ பெட்ரோல் நிலையத்திலோ கைக்காசுக்கு நிற்பது பலருக்கும் தெரிந்த ரகசியம். அதன் விலை மற்ற நாடுகளைவிட அமெரிக்காவில் அதிகம். பாடம் குறைவாக எடுத்தது போன்ற வேறு தவறுகளால் அந்தஸ்தை இழந்த மாணவர் அதைத் திரும்பக் கேட்டு விண்ணப்பிக்க வழியுண்டு. அனுமதியில்லாமல் வேலை செய்தவருக்கு அந்த வழியும் அடைபட்டிருக்கிறது.

வேலை செய்தே தீரவேண்டும் என்ற நெருக்கடியைப் பயன்படுத்திக்கொள்ள ஒரு சந்தையும் உருவாயிற்று. கலிபோர்னியாவின் பிளசன்டன் நகரில் ட்ரை-வேலி பல்கலைக்கழகம் என்ற ஒன்று, வகுப்புக்கு வராமலே விசா தகுதியைத் தக்கவைத்துக்கொண்டு வேலைக்குப் போகும் வசதியை விற்றது. 2011 தொடக்கத்தில் அது இழுத்து மூடப்பட்டபோது சிக்கியவர்களில் மிகப் பெரும்பாலோர் இந்திய மாணவர்கள். அவர்களில் சிலருக்குக் காலில் கண்காணிப்புக் கருவி மாட்டினார்கள். இந்திய அரசு கடுமையாக ஆட்சேபித்தது. நிறுவனருக்கு 2014இல் 16 ஆண்டுக்கு மேல் சிறைத் தண்டனை கிடைத்தது. அதோடு பாடம் முடிந்ததென்று நினைத்தால், அடுத்த பள்ளிக்கூடத்தை அமெரிக்க அரசே திறந்தது. மிச்சிகனில் ஃபார்மிங்டன் பல்கலைக்கழகம் என்ற பெயரில் உள்நாட்டுப் பாதுகாப்புத் துறை ஒரு போலி நிறுவனத்தை நடத்தியது. இணையதளம் இருந்தது, அலுவலகம் இருந்தது, கட்டணம் வாங்கினார்கள். ஆசிரியரும் இல்லை, வகுப்பும் இல்லை. சுமார் 600 பேர் சேர்ந்தார்கள். 2019 ஜனவரியில் ஆள் சேர்த்துக் கொடுத்த எட்டுப் பேர் மீது வழக்கு, 129 இந்திய மாணவர்கள் கைது. அது போலி என்று தெரிந்தேதான் சேர்ந்தார்கள் என்றது அரசு. அரசின் அங்கீகாரப் பட்டியலில் பெயரைப் பார்த்து நம்பினோம் என்றார்கள் மாணவர்கள். கட்டிய பணத்தைக் கேட்டுத் தொடரப்பட்ட வழக்கைத் தொடர்ந்து நடத்தலாம் என்று 2024இல் ஒரு மேல்முறையீட்டு நீதிமன்றம் தீர்ப்பளித்தது.

இவ்வளவு ஆபத்தோடு ஏன் மல்லுக்கட்ட வேண்டும் என்ற கேள்விக்குப் பதில், வாங்கிய கடன். அதனால் பணக் கணக்கையும் போட்டுப் பார்த்துவிடுவது உசிதம்.

பிரிட்டனில் 2025 ஏப்ரலில் 21 வயது நிரம்பியவர்களுக்குக் குறைந்தபட்சக் கூலி மணிக்கு 12.21 பவுண்டு ஆயிற்று. வாரம் 20 மணி நேரம், ஒரு வாரம்கூட விடாமல் ஆண்டு முழுக்கப் போனால் மாதத்துக்குச் சராசரி 1,058 பவுண்டு. விசாவுக்காக மாதச் செலவு என்று அந்த ஆண்டுத் தொடக்கத்தில் பிரிட்டன் அரசே காட்டச் சொன்ன தொகை லண்டனில் 1,483, வெளியே 1,136. சாப்பாடும் வாடகையும் சேர்ந்த செலவுக்கே அரசின் கணக்குப்படி பற்றாது. கல்விக் கட்டணம் பற்றிப் பேச்சே இல்லை. ஆஸ்திரேலியாவில் 2025 ஜூலை முதல் குறைந்தபட்சக் கூலி 24.95 டாலர், வாரம் 24 மணி நேரம் என்றால் ஆண்டுக்கு 31,000 டாலரைக் கொஞ்சம் தாண்டும். விசாவுக்குக் காட்டவேண்டிய வாழ்க்கைச் செலவு 29,710 டாலர். காகிதத்தில் பார்த்தால் வயிற்றுப்பாட்டுக்குச் சரியாகப் போகும். ஜெர்மனியில் 140 நாள், நாளுக்கு எட்டு மணி, 2025இன் 12.82 யூரோ கூலி என்று பெருக்கினால் 14,000 யூரோவுக்கு மேல். முடக்கக் கணக்கில் போட்டுக் காட்டவேண்டிய தொகை 11,904. அரசுப் பல்கலைக்கழகங்கள் பலவற்றில் கல்விக் கட்டணமும் கிடையாது என்பதால், கணக்கு தேறும் நாடு இந்த மூன்றில் ஜெர்மனி ஒன்றுதான்.

ஆனால் இவையெல்லாம் வேலை கிடைத்தவரின் கணக்கு. அனுமதி இருப்பதால் வேலை இருப்பதாக ஆகாது. 2024 கோடையில் கனடாவில் ஒரு காபிக் கடையின் வேலைக்கு இந்திய மாணவர்கள் நீண்ட வரிசையில் நின்ற வீடியோ நம் ஊர் வாட்ஸ்அப் குழுக்களில் சுற்றியது. ஜெர்மனியில் ஜெர்மன் பேசத் தெரியாதவர் முதல் செமஸ்டரில் எந்தக் கடையில் போய் நிற்பார்?

சட்டத்தின் கனம் யார் தலையில் இறங்குகிறது என்பதைக் காட்ட ஆஸ்திரேலியாவின் 7-இலெவன் கடைகளில் நடந்த விவகாரத்தைவிடத் துலக்கமான உதாரணம் கிடைக்காது. 2015 ஆகஸ்டில் ஏபிசி தொலைக்காட்சியின் "ஃபோர் கார்னர்ஸ்" நிகழ்ச்சியும் ஃபேர்ஃபாக்ஸ் பத்திரிகைகளும் சேர்ந்து அதை வெளியே கொண்டுவந்தன. அந்தச் சங்கிலிக் கடைகள் தனித்தனி உரிமதாரர்களால் நடத்தப்படுபவை. இரவு ஷிப்டில் நின்றவர்களில் பெரும்பாலோர் வெளிநாட்டு மாணவர்கள், அவர்களில் இந்தியர்கள் நிறைய. உரிமதாரர்களிலும் பலர் குடியேறியவர்கள். மாணவரின் மொழியையே பேசுகிறவர்கள். "நம்ம ஆள்" என்ற நம்பிக்கையில்தான் பையன்கள் வேலைக்குச் சேர்ந்தார்கள்.

மோசடி நடந்த விதம் மிக எளிது. மாணவர் வாரம் 40 மணி நேரம் நிற்பார். கம்ப்யூட்டரில் 20 மணி நேரம் மட்டும் ஏறும். அந்த 20க்குச் சட்டப்படியான கூலி வங்கியில் விழும். ஆகவே உண்மையில் கிடைப்பது பாதிக் கூலி. தலைமை அலுவலகம் சம்பளப் பதிவேட்டைத் திறந்தால் எல்லாம் கச்சிதம். மாணவர் வாய் திறந்தால், "நீ 20 மணி நேரத்துக்கு மேல் வேலை செய்ததை இமிக்ரேஷனுக்குச் சொல்லிவிடுவேன்" என்பார் முதலாளி. மாணவரைக் காப்பாற்றுவதற்கென்று எழுதிய வரம்பு, முதலாளி கையில் சாவியாகிவிட்டது. விஷயம் வெளியே வந்து கெடுபிடி கூடியதும் சில கடைகள் புது வழி கண்டுபிடித்தன: முழுச் சம்பளத்தையும் வங்கியில் போட்டுவிட்டு, ஒரு பகுதியை ரொக்கமாகத் திருப்பி வாங்கிக்கொண்டார்கள். ஃபேர் வொர்க் ஆம்பட்ஸ்மன் என்ற தொழிலாளர் கண்காணிப்பு அமைப்பு 2016 ஏப்ரலில் இதையெல்லாம் விலாவாரியாக எழுதி அறிக்கை வெளியிட்டது. நிறுவனம் கடைசியில் 16 கோடி டாலருக்கு மேல் பாக்கிச் சம்பளம் கொடுத்தது.

இது ஒரு நிறுவனத்தின் கதை மட்டும் அல்ல. சிட்னியைச் சேர்ந்த லாரி பெர்க், பாசினா ஃபார்பன்ப்ளம் என்ற சட்ட ஆய்வாளர்கள் 4,322 தற்காலிக விசாக்காரர்களிடம் கேட்டு 2017இல் வெளியிட்ட ஆய்வில், மாணவர்களில் நான்கில் ஒருவர் மணிக்கு 12 டாலர் அல்லது அதற்கும் குறைவாக வாங்குவதாகச் சொன்னார்கள். அப்போது சட்டக் கூலி 17 டாலரைத் தாண்டியிருந்தது. அடுத்த ஆண்டு வந்த அவர்களது இன்னொரு அறிக்கை, ஏமாற்றப்பட்டோம் என்று தெரிந்தவர்களில் பத்தில் ஒருவருக்கும் குறைவானவர்களே பணத்தைக் கேட்டு நடவடிக்கை எடுத்தார்கள் என்றது. மற்றவர்கள் ஏன் கேட்கவில்லை என்பதற்கு விசா பயம் ஒரு முக்கியக் காரணம்.

கனடா வேறு விதமான பாடம். 2014 ஜூனுக்கு முன்பு வளாகத்துக்கு வெளியே வேலை செய்யத் தனி அனுமதி வாங்க வேண்டும். அதன்பின் 20 மணி நேரம் தானாகவே கிடைத்தது. 2017 டிசம்பரில் ஒன்டாரியோவில் லாரி ஓட்டிக்கொண்டிருந்த ஒரு பஞ்சாப் மாணவர் சாலைச் சோதனையில் சிக்கினார். படிப்பை ஒழுங்காக முடிக்கும் தறுவாயில் இருந்தவர். கட்டணத்துக்காகவும் சாப்பாட்டுக்காகவும் 20 மணி நேரத்தைத் தாண்டி ஓட்டினேன் என்று அவரே ஒப்புக்கொண்டார். கையெழுத்து இயக்கங்கள் நடந்தன, அரசியல்வாதிகள் பேசினார்கள், ஒன்றும் பலிக்கவில்லை. 2019இல் அவர் நாட்டைவிட்டுப் போக வேண்டியதாயிற்று. மூன்றே ஆண்டில், 2022 நவம்பர் 15 அன்று, அதே கனடா 20 மணி நேர வரம்பைத் தூக்கிவிட்டது. ஆள் பற்றாக்குறையைச் சமாளிக்க என்று வெளிப்படையாகவே சொன்னது. எது நாடுகடத்தலுக்கு உரிய குற்றமாக இருந்ததோ அது பொருளாதாரத்துக்குச் செய்யும் உதவி ஆயிற்று. 2024 ஏப்ரலோடு அந்தத் தளர்வு முடிந்தது. அதற்குள் வீட்டு வாடகை உயர்வுக்கும் மாணவர் கூட்டத்துக்கும் முடிச்சுப் போட்டு அரசியல் சூடேறியிருந்தது. வந்தவர் படிக்கத்தான் வந்திருக்க வேண்டும் என்று குடியேற்ற அமைச்சர் மார்க் மில்லர் தரப்பு பேசத் தொடங்கியது. 2024 நவம்பர் 8 முதல் 24 மணி நேரம். வாழ்க்கைச் செலவுக்காக மாணவர் காட்டவேண்டிய தொகை 2024 ஜனவரியில் 10,000 டாலரிலிருந்து ஒரே தாவலில் 20,635 ஆனது.

வரம்பே வேண்டாம் என்று வாதிடுபவர்களும் உண்டு, ஸ்வீடனைக் காட்டுவார்கள். அந்த வாதம் பாதி தூரம்தான் போகும். கனடாவில் வரம்பு இல்லாத அந்த ஒன்றரை ஆண்டில், படிப்பைப் பெயருக்கு வைத்துக்கொண்டு ஆள் பிடித்துத் தரும் கல்லூரிகளுக்குக் கொண்டாட்டம் ஆயிற்று. வாரம் 40 மணி நேரம் கிடங்கில் பெட்டி தூக்குகிறவர் முதுநிலைப் பாடத்தைப் படித்து முடிப்பார் என்று நம்புவது கஷ்டம். ஆகவே வரம்பு இருக்கட்டும். மீறலுக்கான தண்டனை யாருக்கு என்பதில்தான் மாற்றம் தேவை.

இதில் ஆஸ்திரேலியா மெதுவாகவேனும் நகர்ந்திருக்கிறது என்பதைச் சொல்ல வேண்டும். 2011இல் மாணவர் விசா பற்றி மைக்கேல் நைட் அளித்த ஆய்வறிக்கையைத் தொடர்ந்துதான் வாரக் கணக்கு இரண்டு வாரக் கணக்காயிற்று. மீறினால் விசா தானாக ரத்து என்ற இரும்பு விதியும் தளர்ந்து, அதிகாரியின் முடிவுக்கு விடப்பட்டது. 2017இல், கூலி மோசடி பற்றி முன்வந்து புகார் தரும் மாணவரின் விசாவைப் பொதுவாக ரத்து செய்வதில்லை என்று தொழிலாளர் கண்காணிப்பு அமைப்பும் குடியேற்றத் துறையும் ஓர் ஏற்பாட்டுக்கு வந்தன. 2024 ஜூலை 1 முதல், விசாவைக் காட்டி மிரட்டி ஒருவரை விதியை மீறி வேலை செய்யவைப்பது முதலாளியின் குற்றம். இரண்டு ஆண்டு வரை சிறை. சுரண்டலுக்கு எதிராக வழக்கு நடத்துகிறவர் அதை முடிக்கும்வரை தங்கியிருக்கத் தற்காலிக விசா ஒன்றும் சோதனை முறையில் வந்தது. பிரிட்டனும் 2024 பிப்ரவரியில் அபராதத்தைச் சட்டவிரோதத் தொழிலாளி ஒருவருக்கு 45,000 பவுண்டு வரை, மறுபடி மாட்டினால் 60,000 வரை உயர்த்தியது. ஆனால் அங்கே முதலாளி மாட்டும்போது மாணவரும் சேர்ந்தே மாட்டுவார். புகார் கொடுப்பவருக்குப் பாதுகாப்பு இல்லாதவரை அபராதம் எவ்வளவு ஏறினாலும், புகார் கொடுக்க ஆள் வராது.

சென்னையிலோ கோவையிலோ கன்சல்டன்சி மேசைக்கு எதிரே உட்கார்ந்திருக்கும் குடும்பத்துக்கு இதில் எதுவும் சொல்லப்படுவதில்லை. "பார்ட் டைம் பண்ணா செலவெல்லாம் பார்த்துக்கலாம் சார்" என்ற ஒரு வரி போதுமானதாக இருக்கிறது. வீட்டுப் பத்திரம் வங்கிக்குப் போய்விடுகிறது. வளைகுடாவுக்குக் கொத்தனாரையும் ஓட்டுநரையும் அனுப்பும் ஏஜென்ட், 1983ஆம் ஆண்டு குடிபெயர்வுச் சட்டத்தின்படி மத்திய அரசிடம் பதிவு செய்து, பிணைத்தொகை கட்டி உரிமம் வாங்க வேண்டும். மாணவரை அனுப்புகிறவருக்கு அந்தச் சட்டத்தில் அப்படி ஒரு கட்டாயம் இல்லை. போகிறவர் அங்கே வேலை செய்துதான் சாப்பிடப் போகிறார் என்பது எல்லாருக்கும் தெரிந்திருந்தும், சட்டத்தின் பார்வையில் அவர் தொழிலாளி அல்ல.

பிரான்ஸ், பிரிட்டன், ஜெர்மனி, ஆஸ்திரேலியா ஆகியவற்றோடு இந்தியா 2018 முதல் 2023 வரை குடிபெயர்வு ஒப்பந்தங்களில் கையெழுத்திட்டிருக்கிறது. எத்தனை பேருக்கு விசா, படிப்புக்குப் பின் எத்தனை ஆண்டு தங்கலாம் என்பவை அவற்றில் பெரிதாகப் பேசப்பட்டன. கூலி ஏமாற்றப்பட்ட மாணவர் விசா பயமில்லாமல் புகார் தர வழி வேண்டும் என்பதை அடுத்த சுற்றுப் பேச்சில் இந்தியா கேட்க வேண்டும். ஆஸ்திரேலியா ஏற்கெனவே செய்து காட்டிய ஒன்றை மற்றவர்களிடம் கேட்பதில் தயக்கம் எதற்கு? அதற்கு முன்னால், இங்கேயே செய்யக்கூடிய வேலை ஒன்று இருக்கிறது. மாணவரை வெளிநாட்டுக்கு அனுப்பும் ஒவ்வொரு கன்சல்டன்சியும் பதிவு செய்யப்பட வேண்டும். அந்த நாட்டின் மணி நேர வரம்பு, குறைந்தபட்சக் கூலி, தடுக்கப்பட்ட வேலைகள், அரசு சொல்லும் வாழ்க்கைச் செலவு ஆகிய நான்கையும் தமிழில் எழுதிக் கையெழுத்திட்டு, பணம் வாங்கும் முன் குடும்பத்திடம் கொடுக்க வேண்டும் என்று மாநில அரசு விதி செய்ய வேண்டும்.